தகட்டுக்கும் நீருக்கும் இடையே 7.6 டிகிரி: சூரிய வெப்பச் சேகரிப்பானில் நானோ திரவம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

சூரிய வெப்பச் சேகரிப்பானில் ஓடும் நீரில் மிக நுண்ணிய அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) துகள்களைக் கலந்துவிட்டால் அதன் திறன் கால் பங்குக்கும் மேலாக உயரும் என்று படிக்கும் எவருக்கும் முதலில் எழுவது வியப்பு. சேகரிப்பானை ஒருமுறையாவது கணக்குப் போட்டு வடிவமைத்தவருக்கு எழுவதோ ஐயம். அந்த வெப்பம் இதுவரை எங்கே போய்க்கொண்டிருந்தது, துகள்கள் அதை எந்த வழியில் மீட்டுத் தருகின்றன என்ற கேள்விக்கு விடை கிடைக்காத வரையில் சதவீத எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்வதற்கில்லை. இந்த ஆய்வு அந்தக் கேள்வியை ஒரே ஒரு சேகரிப்பானை எடுத்துக்கொண்டு, வாட் கணக்கில் பின்தொடர்கிறது. இங்கே வரும் சேகரிப்பான் காகிதத்தில் வடிவமைக்கப்பட்டது. அதன் அளவுகள் யாவும் வழக்கமான வீட்டு வெந்நீர்ச் சேகரிப்பான்களின் அளவுகளை ஒட்டி நான் தேர்ந்துகொண்டவை. கணக்கிடும் முறை, வடிவமைப்பாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தி வரும் ஹாட்டல், வில்லியர், பிளிஸ் ஆகியோரின் சமன்பாட்டு முறை.

பின்னணி

திரவத்தில் திடத் துகளைக் கலந்தால் கலவையின் வெப்பக் கடத்துத்திறன் எவ்வளவு உயரும் என்பதற்கான சூத்திரத்தை மேக்ஸ்வெல் 1873-ஆம் ஆண்டிலேயே வகுத்துவிட்டார். துகளின் கடத்துத்திறன் திரவத்தினுடையதை விடப் பன்மடங்கு அதிகமாக இருந்து, கலக்கும் அளவு குறைவாக இருக்குமானால், அந்தச் சூத்திரம் மிக எளிய ஒரு விதியாகச் சுருங்கும்: கனஅளவில் ஒரு சதவீதத் துகளுக்குக் கடத்துத்திறன் ஏறத்தாழ மூன்று சதவீதம் உயரும். துகள் அலுமினாவா, செம்பா, வெள்ளியா என்பது இந்த எல்லையில் பெரிதாகப் பொருட்டில்லை. இது பலருக்கும் உவப்பில்லாத செய்தி. ஏனெனில் செம்பின் கடத்துத்திறன் அலுமினாவினுடையதைப் போலப் பத்து மடங்கு என்பதைக் காட்டித்தான் விலை உயர்ந்த துகள்களுக்கு ஆதரவு தேடப்படுகிறது.

மில்லிமீட்டர், மைக்ரான் அளவுத் துகள்கள் குழாயை அரித்தன, அடைத்தன, விரைவில் அடியில் தங்கின. துகளை நானோமீட்டர் அளவுக்குக் குறைத்தால் இந்தத் தொல்லைகள் குறையும் என்ற எண்ணத்தோடு, ஆர்கோன் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் சோய் 1995-இல் ‘நானோ திரவம்’ என்ற பெயரை அறிமுகப்படுத்தினார். எத்திலீன் கிளைக்காலில் கனஅளவில் 0.3 சதவீதம் மட்டுமே செம்பு நானோத் துகள்களைக் கலந்தபோது கடத்துத்திறன் 40 சதவீதம் வரை உயர்ந்ததாக 2001-இல் வெளிவந்த முடிவுதான் இத்துறையில் வெள்ளத்தைத் திறந்துவிட்டது. மேக்ஸ்வெல் விதிப்படி அங்கே கிடைக்க வேண்டியது ஒரு சதவீதத்திற்கும் குறைவு. இந்த இடைவெளியை விளக்கத் துகள்களின் ஓயாத தாறுமாறான அசைவான பிரவுனியன் இயக்கம், துகளைச் சுற்றி ஒழுங்குபடும் திரவ அடுக்கு, துகள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்வது என்று பல கருதுகோள்கள் எழுந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வு நிறுவனங்கள் ஒரே மாதிரித் திரவங்களைத் தனித்தனியே அளந்து 2009-இல் வெளியிட்ட கூட்டு ஒப்பீட்டு ஆய்வு, விளக்கம் தேவைப்படும் அளவுக்கு அசாதாரணமான உயர்வு எதுவும் தாங்கள் அளந்த திரவங்களில் இல்லை என்றும், மேக்ஸ்வெல் வழிவந்த கோட்பாடே அளவீடுகளோடு நன்கு பொருந்துகிறது என்றும் கண்டது. அந்த முடிவையே அடித்தளமாகக் கொண்டு மேலே செல்கிறேன்.

எடுத்துக்கொண்ட சேகரிப்பான்

பரப்பு 2 சதுர மீட்டர். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புத் தகட்டின் அடியில் எட்டுச் செம்புக் குழாய்கள் 125 மில்லிமீட்டர் இடைவெளியில் நன்கு பற்றவைக்கப்பட்டுள்ளன. குழாயின் உள்விட்டம் 10 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 12 மில்லிமீட்டர். தகட்டின் மேல் தெரிந்துறிஞ்சும் பூச்சு, அதாவது வெயிலை விழுங்கி வெப்பக் கதிரை அதிகம் வெளிவிடாத பூச்சு, இருக்கிறது. அதற்கு மேல் ஒற்றைக் கண்ணாடி. தகடு சுற்றுப்புறத்தை விட ஒரு டிகிரி சூடாக இருந்தால் சதுர மீட்டருக்கு 4.5 வாட் வெளியே போகும். கண்ணாடியையும் பூச்சையும் தாண்டித் தகட்டில் சேர்வது விழும் ஒளியில் 85 சதவீதம். வெயில் சதுர மீட்டருக்கு 800 வாட், காற்று 30 டிகிரி, உள்ளே வரும் நீர் 50 டிகிரி, ஓட்டம் மொத்தமாக நொடிக்கு 40 கிராம்.

இந்த நிலையில் சேகரிப்பான் மீது விழுவது 1,600 வாட். தகட்டில் சேர்வது 1,360 வாட். நீர் எடுத்துச் செல்வது 1,060 வாட். மீதி 300 வாட் கண்ணாடி வழியாகவும் பின்புறம் வழியாகவும் காற்றுக்குப் போகிறது. திறன் 66.2 சதவீதம்.

அந்த 300 வாட் ஏன் போகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நீர் சுற்றுப்புறத்தை விட 20 டிகிரி சூடாகவே உள்ளே வருகிறது. ஓடும்போது மேலும் 6.3 டிகிரி ஏறுகிறது. ஆக, தகடும் நீரும் எந்த இடைவெளியும் இல்லாமல் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் இழப்பின் பெரும்பகுதி நடந்தே தீரும். அதற்கு மேல் இரண்டு சிறு காரணங்கள் உண்டு. ஒன்று, குழாய்களுக்கு நடுவிலுள்ள தகட்டின் பகுதி குழாயடியை விடச் சற்றுச் சூடாக இருப்பது. மற்றொன்று, குழாயின் சுவருக்கும் உள்ளே ஓடும் நீருக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு. நானோ திரவம் கைவைக்கக்கூடியது இந்தக் கடைசி ஒன்றில் மட்டுமே.

ஒவ்வொரு குழாயிலும் நொடிக்கு 5 கிராம் நீர் ஓடுகிறது. ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்பதைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் 1,200-ஐ ஒட்டி வருவதால் இது வரிச்சீர் ஓட்டம், அதாவது கலங்காமல் அடுக்கடுக்காகச் செல்லும் ஓட்டம். சுவருக்கும் திரவத்துக்கும் இடையிலான வெப்பப் பரிமாற்றத்தைக் குறிக்கும் நசல்ட் எண்ணை 4.36 என்று கொண்டால் சுவரிலிருந்து நீருக்கு வெப்பம் கடக்கும் கெழு சதுர மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 278 வாட். நுழைவாயில் விளைவையும் மிதப்பு விளைவையும் சேர்த்தால் இது இன்னும் உயரும். நானோ திரவத்திற்குச் சாதகமாக இருக்கட்டும் என்று அவற்றை விட்டுவிட்டேன். ஒரு மீட்டர் குழாய்க்கு 66 வாட் கடக்க வேண்டியிருப்பதால் சுவருக்கும் நீருக்கும் இடையே நிற்கும் வேறுபாடு 7.6 டிகிரி.

இந்த 7.6 டிகிரிதான் விளையாட்டு நடக்கும் களம். எந்த மந்திரத் திரவத்தை ஊற்றி அதை முற்றிலும் சுழியாக்கினாலும் திறன் 70.3 சதவீதத்தைத் தாண்டாது; கூடுதலாகக் கிடைப்பது 65 வாட். வெப்பப் பரிமாற்றத்தை மேம்படுத்தும் எந்த உத்திக்கும் இந்தச் சேகரிப்பானில் அதுதான் உச்சவரம்பு.

நானோ திரவம் ஊற்றியபின்

கடத்துத்திறனைப் பத்து சதவீதம் உயர்த்த வேண்டுமானால், மூன்று மடங்கு விதிப்படி கனஅளவில் 3.3 சதவீதம் அலுமினா வேண்டும். இந்தச் சேகரிப்பானும் அதன் சுற்றுக்குழாய்களும் சேர்ந்து ஐந்து லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால் அதற்குத் தேவை 655 கிராம் தூள். கைப்பிடி அளவு தூளைப் போட்டால் போதும் என்ற எண்ணம் இந்த இடத்தில் கலைந்துவிடுகிறது: எடைக் கணக்கில் பார்த்தால் கலவையில் 12 சதவீதம் அலுமினா. பார்வைக்குப் பால் போல இருக்கும்.

வரிச்சீர் ஓட்டத்தில் நசல்ட் எண் மாறாது என்பதால் கெழுவும் அதே பத்து சதவீதம் உயர்கிறது. சுவர்-நீர் வேறுபாடு 7.6 டிகிரியிலிருந்து 6.9 டிகிரியாகக் குறைகிறது. தகடு 0.7 டிகிரி குளிர்கிறது. இழப்பு ஏறத்தாழ 6 வாட் குறைகிறது. வெப்பக் கடத்துத்திறனால் வரும் மொத்தப் பயனும் இவ்வளவுதான்.

இதுவும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் தேவைப்படுகிறது, அலுமினாவுக்கு 0.78 கிலோஜூல் போதும். ஆகவே கலவையின் தன்வெப்ப ஏற்புத்திறன் 3.77-ஆக, ஏறத்தாழப் பத்து சதவீதம், குறைகிறது. நொடிக்கு அதே 40 கிராம் ஓட்டத்தில் அதே வெப்பத்தைச் சுமக்கத் திரவம் 6.3 டிகிரிக்குப் பதிலாக 7 டிகிரி ஏற வேண்டியிருக்கிறது. அதனால் சேகரிப்பானின் சராசரி வெப்பநிலை உயர்ந்து, மீட்ட 6 வாட்டில் பாதி திரும்பவும் காற்றோடு போய்விடுகிறது. கடைசியில் மிஞ்சுவது மூன்று வாட்டுக்கும் குறைவு. திறன் 66.2-இலிருந்து 66.4. நிறை ஓட்டத்துக்குப் பதிலாகக் கனஅளவு ஓட்டத்தை மாறாமல் வைத்தால் இந்த இழப்பு பெரும்பாலும் நீங்கும் என்பது உண்மை. ஆனால் அப்போது பம்பு பத்து சதவீதம் கூடுதலான நிறையைத் தள்ளிக்கொண்டிருக்கும். பாகுநிலையும் சும்மா இருப்பதில்லை: ஐன்ஸ்டீன் தந்த சூத்திரத்தின்படியே எட்டு சதவீதத்திற்கு மேல் உயர வேண்டும்; துகள்கள் திரண்டிருக்கும் உண்மையான நானோ திரவங்களில் உயர்வு அதைவிட அதிகமாகவே அளக்கப்படுகிறது. வரிச்சீர் ஓட்டத்தில் அழுத்த இழப்பு பாகுநிலைக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் இந்தச் செலவும் பம்பின் தலையில்தான் விழும்.

இங்கே ஒரு சிறு மாற்றுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நீரை மாற்றாமல், எட்டுக் குழாய்களுக்குப் பதிலாக ஒன்பது குழாய்களை வைத்தால் என்ன ஆகும்? தகட்டின் நடுப்பகுதி குழாய்க்கு நெருக்கமாகிறது. நீரைத் தொடும் சுவர்ப்பரப்பும் கூடுகிறது. இரண்டு தடைகளும் ஒருசேரக் குறைகின்றன. கிடைக்கும் பயன் 12 வாட், அதாவது 655 கிராம் அலுமினா தந்ததைப் போல நான்கு மடங்கு. இரண்டு மீட்டர் செம்புக் குழாய் அடியில் தங்காது, கட்டி சேராது, ஆண்டுதோறும் மாற்ற வேண்டியதுமில்லை. குழாயை மெலிதாக்குவது இதற்கு ஈடாகாது என்பதையும் சொல்ல வேண்டும்: வரிச்சீர் ஓட்டத்தில் விட்டம் குறையக் குறையக் கெழு உயரும், ஆனால் சுவர்ப்பரப்பு அதே விகிதத்தில் சுருங்குவதால் ஒரு மீட்டர் குழாயின் வெப்பத் தடை அப்படியேதான் இருக்கும். அதைக் குறைக்க மூன்றே வழிகள் உண்டு. குழாய்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம், ஓட்டத்தைக் கலக்கிவிடலாம், திரவத்தின் கடத்துத்திறனை உயர்த்தலாம். நானோ திரவம் இவற்றுள் மூன்றாவது வழியைத்தான் தேர்ந்துகொண்டது.

நீருக்குப் பதிலாக எத்திலீன் கிளைக்கால் ஓடினால் நிலைமை ஓரளவு மாறும். அதன் கடத்துத்திறன் 0.25 வாட்/மீட்டர்-கெல்வின் மட்டுமே என்பதால் சுவர்-திரவத் தடை இரண்டரை மடங்காகிறது. அதே பத்து சதவீத உயர்வு அங்கே இரண்டு மடங்குக்கு மேல் பயன் தரும். அப்போதும் அது ஒரு சதவீதத்தை ஒட்டிய பேச்சுதான்.

28.3 என்ற எண்

தட்டைத் தகட்டுச் சேகரிப்பானில் 15 நானோமீட்டர் அலுமினாவை எடையில் 0.2 சதவீதம் கலந்தபோது நீரோடு ஒப்பிடத் திறன் 28.3 சதவீதம் கூடியதாக 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை தெரிவிக்கிறது. அதன்பின் வந்த ஏராளமான கட்டுரைகளின் முன்னுரையில் இந்த எண் இடம்பெறுகிறது.

நமது சேகரிப்பானுக்குள் அதைப் பொருத்திப் பார்ப்போம். 1,060 வாட்டுக்கு 28.3 சதவீதம் கூட்டினால் 1,360 வாட். தகட்டில் சேரும் ஒளி மொத்தமே 1,360 வாட்தான். அதாவது இழப்பு சுழி. 50 டிகிரியில் நீர் உள்ளே வந்துகொண்டிருக்க, தகடு மட்டும் 30 டிகிரியிலேயே நின்றாக வேண்டும். அது நடவாது. மறுபுறம், எடையில் 0.2 சதவீதம் என்பது கனஅளவில் 0.05 சதவீதம், கடத்துத்திறன் உயர்வு 0.15 சதவீதம், நமது சேகரிப்பானில் அதன் மதிப்பு 0.1 வாட்.

அந்தச் சோதனையில் இருந்த சேகரிப்பான் இதுவல்ல. தகடு மெல்லியதாகவோ, பற்றவைப்பு பலவீனமாகவோ, ஓட்டம் மிகக் குறைவாகவோ இருக்கும் சேகரிப்பானில் திறன் மேம்பட இடம் அதிகமாக இருக்கும் என்பதையும் நியாயமாகக் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனால் தகட்டின் குறையையும் பற்றவைப்பின் குறையையும் திரவம் சரிசெய்யாது. சுவர்-நீர்த் தடையை 0.15 சதவீதம் குறைக்கும் ஒன்று எந்தச் சேகரிப்பானிலும் கால் பங்கு உயர்வைத் தர வழியில்லை. உயர்வு உண்மையாகவே அளக்கப்பட்டிருந்தாலும் அதற்குக் காரணம் கடத்துத்திறன் அன்று என்பது என் முடிவு.

இத்தகைய எண்கள் எப்படி உருவாகக்கூடும் என்பதை அளவீட்டு மேசையிலிருந்து பார்ப்பது பயன் தரும். நமது சேகரிப்பானில் நீர் ஏறும் வெப்பநிலை 6.3 டிகிரி. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று வைக்கும் வெப்பநிலை உணரிகள் ஒவ்வொன்றிலும் 0.1 டிகிரிப் பிழை இருந்தால் போதும், திறனில் இரண்டு சதவீதத்திற்கு மேல் ஐயம் வந்துவிடும். வெயிலை அளக்கும் பைரனோமீட்டரின் பிழையும் ஓட்டமானியின் பிழையும் அதன் மேல் சேரும். கால் சதவீதப் பயனை இந்தக் கருவிகளால் பார்க்கவே முடியாது. இதைவிடக் கொடிய பிழை கணக்குத் தாளில் நடக்கிறது: 12 சதவீத அலுமினாக் கலவைக்கு நீரின் வெப்ப ஏற்புத்திறனையே போட்டுவிட்டால், ஒரு வாட் கூடுதல் வெப்பமும் இல்லாமலே திறன் 11 சதவீதம் ‘உயர்ந்துவிடும்’. நீருக்கு அளவுகுறித்த ரோட்டாமீட்டரில் அடர்த்தியும் பாகுநிலையும் மாறிய திரவத்தை ஓட்டினால் அதன் மிதவை நிற்கும் இடம் உண்மையான ஓட்டத்தைக் காட்டாது. சம ரெனால்ட்ஸ் எண்ணில் ஒப்பிடுவதும் ஒரு பொறிதான். பாகுநிலை கூடிய திரவத்திற்கு அதே ரெனால்ட்ஸ் எண்ணை எட்ட வேகத்தைக் கூட்ட வேண்டும், வேகம் தந்த பயன் துகளின் பெயரில் எழுதப்பட்டுவிடும். 1998-இல் பாக், சோ ஆகிய இருவரும் கனஅளவில் 3 சதவீதத் துகள் கொண்ட நீரைச் சம வேகத்தில் ஒப்பிட்டபோது வெப்பப் பரிமாற்றக் கெழு தூய நீரை விட 12 சதவீதம் குறைவாக இருந்ததைக் கண்டார்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அது கொந்தளிப்பு ஓட்டம், ஆயினும் பாடம் அதேதான்.

கட்டுரைகளைச் சோதிக்க நான் பயன்படுத்தும் எளிய உரைகல் ஒன்று உண்டு. ஆஷ்ரே 93 என்ற அமெரிக்கத் தர முறையில் சேகரிப்பானின் திறன் ஒரு சாய்கோடாக வரையப்படும்: செங்குத்து அச்சை வெட்டும் புள்ளி ஒளி உறிஞ்சலையும், சாய்வு இழப்பையும் காட்டும். இந்த இரண்டையும் பெருக்கி நிற்பது வெப்ப நீக்கக் காரணி என்ற ஒரே எண். திரவம் மேம்படுத்துவது வெப்பப் பரிமாற்றத்தை மட்டுமே என்றால் அந்தக் காரணிதான் கூடும். ஆகவே வெட்டும் புள்ளியும் சாய்வும் ஒரே விகிதத்தில் உயர வேண்டும். வெட்டும் புள்ளி உயர்ந்து சாய்வு தணிந்ததாக ஒரு வரைபடம் காட்டினால், அன்றைக்குக் காற்று மாறியிருக்கிறது அல்லது கண்ணாடி துடைக்கப்பட்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். நானோ திரவத்தை வடித்துவிட்டு மறுபடியும் நீரை ஓட்டி அளந்த முடிவு கட்டுரையில் இருக்கிறதா என்பதையும் பார்ப்பேன். பெரும்பாலும் இருக்காது.

குப்பியில் தெரியும் கோடு

கணக்கு ஒருபுறம் இருக்க, திரவம் திரவமாக நீடிக்கிறதா என்பது தனிக் கேள்வி. மீயொலிக் கருவியில் கலக்கி எடுத்த அலுமினா நீரைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி மேசையில் விட்டுவைத்தால், சரியாக நிலைப்படுத்தாத கலவையில் சில மணி நேரத்திலேயே மேலே ஒரு தெளிந்த கோடு தோன்றும். அது மெல்லக் கீழிறங்கும். அடியில் வெண்ணிறப் படிவு சேரும். அதைக் கையால் குலுக்கினால் மறுபடி பாலாகிவிடும், ஆனால் இரண்டாவது முறை கோடு முன்னைவிட வேகமாக இறங்கும். ஏனென்றால் குலுக்கல் படிவைக் கிளப்புமே தவிரக் கட்டிகளை உடைக்காது.

20 நானோமீட்டர் விட்டமுள்ள தனித் துகள் நீரில் ஒரு நாளில் இறங்கும் தொலைவு ஸ்டோக்ஸ் விதிப்படி 56 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன் அளவு. பிரவுனியன் இயக்கம் அதையும் கலைத்துவிடும். துகள்கள் கூடி 2 மைக்ரான் கட்டியானால் விட்டம் நூறு மடங்கு, வேகம் பத்தாயிரம் மடங்கு: ஒரு நாளில் அரை மீட்டர். கட்டிக்குள் நீரும் இருப்பதால் உண்மை வேகம் இதைவிடக் குறையும். ஆயினும் மாலையில் பம்பு நின்று காலையில் ஓடும் சேகரிப்பானில் 10 மில்லிமீட்டர்க் குழாயின் அடியைத் தொட ஒரு முழு இரவு அவகாசம் இருக்கிறது. அப்படிப் படியும் அடுக்கு 0.1 மில்லிமீட்டர் ஆனாலே, அதன் கடத்துத்திறனை 1 வாட்/மீட்டர்-கெல்வின் என்று கொண்டால், துகள்கள் தந்த பயனில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

இதைத் தடுக்கும் வழிகள் ஒவ்வொன்றும் ஒரு விலை கேட்கின்றன. பிஎச் அளவை மாற்றித் துகள்களுக்கு மின்னேற்றம் தந்து ஒன்றையொன்று விலக்கச் செய்யலாம். அந்த மின்னேற்றத்தின் வலிமையைக் காட்டும் ஜீட்டா மின்னழுத்தம் 30 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் கலவை ஓரளவு நிலைக்கும். அலுமினாவின் மின்னேற்றம் சுழியாகும் இடம் பிஎச் 9-ஐ ஒட்டி இருப்பதால் அமிலப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. அமில நீரைச் செம்புக் குழாயில் ஆண்டுக்கணக்கில் ஓட்ட யாரும் விரும்புவதில்லை. துகள்கள் ஒட்டாமல் தடுக்கச் சோப்பு போன்ற சர்ஃபாக்டன்ட் சேர்த்தால் நுரை வரும். நுரை காற்றுப்போக்கியில் போய் நிற்கும். எல்லாவற்றையும் விடக் கடுமையான சோதனை பம்பு பழுதாகி ஓட்டமின்றி நண்பகல் வெயிலில் சேகரிப்பான் நிற்கும் நாளில் வருகிறது. தெரிந்துறிஞ்சும் பூச்சுள்ள தகடு அப்போது 150 டிகிரியைத் தாண்டும். நீர் ஆவியாகிப் பின்வாங்கும்; சர்ஃபாக்டன்ட் சிதையும்; குழாயில் எஞ்சுவது காய்ந்து ஒட்டிய தூள். வெறும் நீராக இருந்தால் மறுநாள் நிரப்பிவிட்டு ஓட்டலாம்.

துகளுக்கு வேறொரு வேலை

இதுவரை சொன்னவை நானோத் துகளுக்கு எதிரான வாதம் அல்ல. அதை வெப்பம் கடத்தும் வேலைக்கு அமர்த்துவதற்கு எதிரான வாதம். ஒளியை உறிஞ்சும் வேலைக்கு அமர்த்தினால் கணக்கு தலைகீழாகிறது.

நீர் பெரும்பாலும் ஒளி ஊடுருவும் பொருள்; ஒரு சென்டிமீட்டர் நீர் தன் மீது விழும் சூரிய ஆற்றலில் 13 சதவீத அளவையே விழுங்கும். கருந்திரவத்தைக் கண்ணாடிக்கடியில் ஓட்டி, தகடே இல்லாமல் திரவத்தையே உறிஞ்சியாக்கும் எண்ணத்தை மினார்டி, சுவாங் ஆகிய இருவரும் 1975-இலேயே மை கலந்த நீரில் சோதித்தார்கள். நானோத் துகள்கள் அந்த எண்ணத்துக்கு மறுவாழ்வு தந்தன. புகைக்கரி போன்ற கரித்துகள் கிராமுக்கு ஏழு சதுர மீட்டர் அளவில் கண்ணுறு ஒளியை விழுங்கக்கூடியது. இதை வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் சூரிய ஒளியின் பெரும்பகுதியைப் பிடிக்க லிட்டருக்கு 100 மில்லிகிராம் போதும். ஐந்து லிட்டருக்கு அரை கிராம். கடத்துத்திறனுக்காக 655 கிராம் தேவைப்பட்ட இடத்தில் ஒளிக்காக அரை கிராம்! இந்த அளவில் பாகுநிலை மாறாது, வெப்ப ஏற்புத்திறன் மாறாது, பம்புக்குத் தெரியவே தெரியாது. துகளின் பண்புகளுள் பயன்படுத்தத் தக்கது எது என்பதை இந்த இரண்டு எடைகளே சொல்லிவிடுகின்றன.

டைகி, ஃபெலன், பிரஷர் ஆகியோர் 2009-இல் அலுமினிய நானோத் துகள் கலந்த நீரை வைத்துச் செய்த கோட்பாட்டுக் கணக்கில், நேரடி உறிஞ்சல் முறை தட்டைத் தகட்டுச் சேகரிப்பானை விடப் பத்து சதவீதம் வரை மேம்படலாம் என்று கண்டார்கள். 2010-இல் ஒட்டானிகரும் உடன் ஆய்வாளர்களும் மிகச் சிறிய சேகரிப்பான் ஒன்றில் கிராஃபைட், கார்பன் நானோக்குழாய், வெள்ளி ஆகியவற்றை வைத்துச் செய்த சோதனையில் ஐந்து சதவீதம் வரையிலான மேம்பாட்டைக் கண்டார்கள். இந்த எண்களின் அடக்கமே எனக்கு அவற்றின் மீது நம்பிக்கை தருகிறது.

ஆயினும் நமது சேகரிப்பானை இந்த முறைக்கு மாற்றினால் லாபம் வருமா என்று பார்த்தால் வராது. சுவர்-நீர் வேறுபாடு 7.6 டிகிரி மறைந்துவிடும், உண்மை. ஆனால் தெரிந்துறிஞ்சும் பூச்சும் மறைந்துவிடும். சூடான திரவத்தைத் தொட்டு நிற்கும் கண்ணாடி, கறுப்பு வண்ணம் பூசிய தகட்டைப் போலவே வெப்பக் கதிரைத் தாராளமாக வெளிவிடும். அதன் மேல் இன்னொரு கண்ணாடி வைத்தாலும் இழப்புக் கெழு 4.5-இலிருந்து 7-ஐ நோக்கி ஏறும். திரவம் சராசரியாகச் சுற்றுப்புறத்தை விட 23 டிகிரி சூடாக இருக்கும் நிலையில் அதன் விலை நூறு வாட்டுக்கு மேல். மீட்டதோ அதைவிடக் குறைவு. வெயிலைக் குவித்து விழச்செய்யும் இடத்தில் நிலைமை வேறு: பத்து மடங்கு ஒளியில் சுவர்-திரவ வேறுபாடும் பத்து மடங்காகும், தகடு எரியத் தொடங்கும், கண்ணாடிப் பரப்போ சிறிதாகவே இருக்கும். நேரடி உறிஞ்சல் தன் பெயருக்கேற்ற வேலையைச் செய்யக்கூடிய இடம் அதுவே. அங்கே இன்னும் தீராமல் இருப்பது கண்ணாடியின் உட்புறத்தில் கரித்துகள் ஒட்டும் சிக்கல். ஒளி முதலில் நுழைய வேண்டிய முகத்திலேயே ஒரு கறுப்புப் படலம் படர்ந்துவிட்டால், திரவத்துக்குள் நடக்க வேண்டிய உறிஞ்சல் மறுபடியும் ஒரு சுவரில் நடக்கத் தொடங்கிவிடும்.